உன் ஊர் எது என்று கேட்கிறார்கள்

கேன் ஃபோர்க், கென்டக்கி
ஏப்ரல் 4, 1976

அன்புள்ள தம்பி எஸ்டிலுக்கு,

அக்கா வெர்டி எழுதுவது. நான் சுகம். மழை வருகிறதென்றால் வானத்துக்கு முன்னால் என் முழங்கால் சொல்லிவிடுகிறது, அது ஒன்றுதான் குறை. ஒஹையோவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

சேதி நல்லதல்ல. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் புது குஞ்சு பொரிப்பு மெஷின், ஈஸ்டருக்குக் குஞ்சாக வரவேண்டிய முட்டைகள் அத்தனையையும் அவித்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தேன். கீச்சுக் கீச்சென்று சத்தம் வரவேண்டிய இடத்திலிருந்து சமையலறை வாசனை வந்தது. சொன்ன வாக்கை நம்பிக் குஞ்சுக்குக் காத்திருந்தவர்கள் மூன்று கவுண்டியில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாகப் போய் என் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பிக்கப் வண்டியின் பின்னால் கூடையை வைத்து முட்டை விற்ற நாளிலிருந்து, வெர்டியிடம் சொல்லி வைத்தால் வரும் என்பதுதான் நம் வியாபாரம். அந்தப் பேர் போய்விட்டால் கடையில் மிச்சம் இருப்பது தவிட்டு மூட்டைதான்.

தவறு நம்முடையதல்ல. முதல் நாளே சூடு காட்டும் முள் ஏறுவதைப் பார்த்து மெஷின் செய்த பிரான்டல் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தவன், அணைக்கவேண்டாம், ஓடட்டும் என்றான். இப்போது அப்படி ஒரு போனே வரவில்லை என்கிறார்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே போன் கம்பி, யார் பேசினாலும் எல்லோர் காதிலும் விழும் என்று நான் திட்டாத நாளில்லை. இந்த முறை அதுவே காப்பாற்றும் போலிருக்கிறது. மேலண்டை வீட்டு ஓமாவிடம் போனேன்.

"ஓமா, அன்னிக்கு நான் மெஷின்காரனோட பேசினது உன் காதுல விழுந்துச்சா?"

"அடுத்தவங்க பேச்ச நான் எதுக்குடி கேக்கப் போறேன்?" என்றாள். பீன்ஸ் காம்பை இரண்டு கிள்ளு கிள்ளினாள். "'அணைச்சிடாதீங்கம்மா, ஓடட்டும்'னான். மூக்கடைச்ச குரல். ரெண்டு தடவை சொன்னான்."

கேஸ் போடப் போகிறேன். அப்பாவுக்குப் பிறகு பொரிப்பகத்தில் நாம் இருவரும் பங்குதாரர்கள். ஆகவே உன் பேரும் வேண்டும் என்கிறார் வக்கீல் பர்ச்செட். சரியா என்று எழுது. ரிட்ஜ் மேட்டில் நீ திரும்பி வந்து வீடு கட்ட வைத்திருக்கும் மனைக்கு இந்த வருடமும் வேலி சரிபார்த்துவிட்டேன்.

உன் அக்கா,
வெர்டி


டேட்டன், ஒஹையோ
ஏப்ரல் 18, 1976

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். உன் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு.

முட்டைச் சேதி படித்துச் சாப்பாடு இறங்கவில்லை. என் பேரைத் தாராளமாகப் போட்டுக்கொள். நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம். மே கடைசியில் கல்லறைக்குப் பூ வைக்கும் நாளுக்கு வருவேன். குளிர்பெட்டித் தொழிற்சாலையில் வேலை எப்போதும்போல. இங்கே குளிர் விட்டுவிட்டது, பட்டாணி போட்டாயிற்று.

மற்றவை நேரில்.

தம்பி,
எஸ்டில்


கேன் ஃபோர்க்
ஜூன் 13, 1976

அன்புள்ள எஸ்டிலுக்கு,

நான் சுகம், கோழிகளும் சுகம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பூ வைத்த கையோடு, ஷிஃப்ட் இருக்கிறது என்று ஓடிவிட்டாய். உனக்கென்று வெட்டிவைத்த ஆப்பிள் பை பலகாரம் அப்படியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை பர்ச்செட் கூப்பிட்டனுப்பினார். போனில் சொல்ல முடியாது, ஓமா இருக்கிறாளே.

"வெர்டி, கேஸ் ஓடிப்போச்சு."

"எங்க?"

"லெக்ஸிங்டன் பட்டணத்துக்கு. கம்பெனிக்காரன் ஃபெடரல் கோர்ட்டுக்கு, அதான் மத்திய சர்க்கார் கோர்ட்டுக்கு, இழுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"என் முட்டைக்கும் வாஷிங்டனுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"முட்டைக்கு ஒண்ணுமில்ல. அங்க போனாலும் கென்டக்கிச் சட்டத்த வெச்சுத்தான் பாப்பாங்க. இது ஆளப் பொறுத்தது. வழக்காடறவங்க வேற வேற மாநிலம்னா, உள்ளூர் ஜூரி வெளியூர்க்காரன மொத்திடுமோன்னு ஃபெடரல் கோர்ட்டு கதவத் திறந்து வெச்சிருக்கு. நீ கென்டக்கி, அவன் ஒஹையோ. நுழைஞ்சிட்டான்."

நம் கவுண்டி கோர்ட்டில் ஜூரி பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டால் போதுமாம். அங்கே ஒருத்தர்கூடப் பிசகக்கூடாதாம். லெக்ஸிங்டன் ஜூரியில் எத்தனை பேர் முட்டையைத் தட்டில் அல்லாமல் வேறெங்கும் பார்த்திருப்பார்கள்? அதைவிடப் பெரிய தலைவலி ஓமா. நம் பக்கம் இருக்கும் ஒரே சாட்சி அவள்தான். கேட்டுப் பார்த்தேன்.

"லெக்ஸிங்டனா? கவுண்டி எல்லைப் பாலத்தத் தாண்டறதில்லன்னு எம் புருஷன் செத்தன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அந்த ஜட்ஜுக்கு என் பேச்சு வேணும்னா இங்க வரச்சொல்லு. பீன்ஸ் வேகவெச்சுப் போடறேன்."

அவள் சொல்வதை இங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு போகலாமே என்று பர்ச்செட்டிடம் திரும்பப் போய்க் கேட்டேன். அவர் உதவாது என்று தலையை ஆட்டினார். "காகிதத்துல ஓமா ஒட்டுக்கேக்கற கிழவி, அவ்வளவுதான். நேர்ல பாத்தாத்தான் அவ சொல்றது நிஜம்னு தெரியும்."

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எஸ்டில் ஒஹையோவுலதான இருக்கான்?" என்றார். "பங்குதாரன் ஒருத்தன் ஒஹையோக்காரன்னா போதும். இந்தப் பக்கமும் ஒஹையோ, அந்தப் பக்கமும் ஒஹையோ. ஃபெடரல் கோர்ட்டு கதவச் சாத்திட்டு கேஸ நம்ம கிட்டயே அனுப்பிடும்."

நான் சொன்னேன்: "அவன் கென்டக்கிக்காரன். அங்க வேலைக்குப் போயிருக்கான்."

"எத்தனை வருஷமாம்மா போயிருக்கான்?"

கம்பெனிக்காரர்கள் ஒரு சாட்சி வைத்திருக்கிறார்களாம். என் ஊர் கென்டக்கி என்று நீயே ஒருவனிடம் சொன்னாயாம். யாரிடம் சொன்னாய்? உன் ஊர் எது என்று கேட்கிறார்கள், எஸ்டில். பர்ச்செட்டுக்குப் பதில் வேண்டும்.

அக்கா,
வெர்டி


டேட்டன்
ஜூலை 11, 1976

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நலம்தான். நீயும் வெயிலில் அலையாதே.

அந்த ஆள் இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறான். மே மாதம் இங்கே கென்டக்கிக்காரர்கள் பூங்காவில் கூடிச் சாப்பிட்டோம். கோழி வறுவல் தட்டோடு ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எந்த ஊர் உங்களுக்கு?"

"கென்டக்கி. கேன் ஃபோர்க்."

"திரும்பிப் போற எண்ணமிருக்கா?"

"முடிஞ்சா நாளைக்கே."

எனக்கு அடுத்து, ஃபாக்டரியில் கூட வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆள் டெல்மர் உட்கார்ந்திருந்தான். பேரன் பேத்தியெல்லாம் ஒஹையோவில் பிறந்தவர்கள். அவனும், "நாளைக்கு எதுக்கு, இந்தத் தட்டு காலியானதும் கெளம்பிடுவேன்" என்றான். அங்கே யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு அது வணக்கம் சொல்கிற மாதிரி. அவன் கம்பெனி அனுப்பிய ஆள், அதைப்போய் கோர்ட்டில் எடுத்து வைப்பான் என்று யார் கண்டது?

ஊர் எது என்று கேட்கிறாய். உனக்குத் தெரியாததா அக்கா.

தம்பி,
எஸ்டில்


கேன் ஃபோர்க்
ஜூலை 25, 1976

அன்புள்ள எஸ்டிலுக்கு,

சுகம். உன் சுகத்தைக் கொஞ்சம் விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

"உனக்குத் தெரியாததா" என்பது பதில் இல்லை. விலை கேட்டால், நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்பவனை எனக்குத் தெரியும். அவன் எதையோ மறைக்கிறான்.

நான் நேராகவே பேசுகிறேன். கேஸ் இங்கே வந்தால் ஜெயிப்போம், ஓமா நடந்தே கோர்ட்டுக்கு வந்துவிடுவாள். அங்கேயே இருந்தால் அனேகமாகத் தோற்போம். தோற்றால் அடுத்த வசந்தத்துக்கு எனக்குப் புது மெஷின் இல்லை, பழைய சின்ன மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு பொரிப்பகம் நடத்த முடியாது. அதனால் கேஸ் எனக்கு இங்கேதான் வேண்டும். ஆனால் அதற்காக நீ ஒஹையோக்காரன் என்று பொய் சொல்லாதே. அக்கா மனசு நோகும் என்று கென்டக்கிக்காரன் என்றும் பொய் சொல்லாதே. இரண்டில் எது நிஜமோ அது எனக்குப் போதும். நிஜம் கென்டக்கி என்றால் லெக்ஸிங்டனுக்கே போய்த் தோற்றுவிட்டு வருகிறேன்.

இன்னொன்றும் பர்ச்செட் சொன்னார். "இது நாம விட்டுக்கொடுத்து சரிபண்ற விஷயமில்ல வெர்டி. ரெண்டு தரப்பும் சரின்னு தலையாட்டினாலும் அந்த ஜட்ஜுக்கு அதிகாரம் வந்துடாது. ஜெயிச்சு முடிச்சப்புறம் உண்மை தெரிஞ்சாலும் அத்தனையும் செல்லாது, முதல்லேருந்து ஆரம்பிக்கணும்." எனக்கு உடனே பிடிபட்டது. முத்திரை இல்லாத தராசில் நிறுத்த மாதிரி. வாங்கினவனுக்கும் விற்றவனுக்கும் திருப்திதான், இன்ஸ்பெக்டர் வந்து நின்றால் நிறுவையே இல்லை.

ஊர் என்றால் சட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பிறந்த இடமுமில்லை, வேலை பார்க்கிற இடமுமில்லையாம். இனி இங்கேதான் என்று நினைத்து எங்கே இருக்கிறாயோ, அது. அதை உன் மனசைத் தவிர யாரிடம் கேட்பது? எழுது.

அக்கா,
வெர்டி


கேன் ஃபோர்க்
ஆகஸ்ட் 29, 1976

எஸ்டிலுக்கு,

நான் சுகம். தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது வண்டியிலிருந்தே கையை விரிக்கிறார். அக்டோபரில் உன்னை லெக்ஸிங்டனுக்கு வரச்சொல்லி விசாரிக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் எனக்குச் சொல். ஜட்ஜுக்கு அப்புறம் எனக்குத் தெரிவது முறையல்ல.

வெர்டி


டேட்டன்
செப்டம்பர் 6, 1976

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம், இதை எழுதி முடித்தால் இன்னும் நலமாக இருப்பேன். நான்கைந்து கடிதம் எழுதிக் கிழித்தாயிற்று.

அக்கா, நீ விலாசம் எழுதுகிற அந்த வாடகை அறையை விட்டு நான் வந்து வெகுநாளாகிறது. உன் கடிதங்களை இன்னும் அந்த வீட்டுக்காரம்மாளிடம் போய்த்தான் வாங்கி வருகிறேன். ஊருக்கு வெளியே ஒரு செங்கல் வீடு வாங்கியிருக்கிறேன். தனியாக இல்லை. இலோனா என்று பேர். அவள் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்து இங்கே இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை பார்த்தவர். போன இலையுதிர் காலத்தில் அவர்கள் சர்ச்சில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஓட்டும் இங்கேதான் போடுகிறேன். வண்டியின் நம்பர் பிளேட் ஒன்றுதான் கென்டக்கி. அதை மாற்றினால் உனக்குத் தெரிந்துவிடும் என்று வருடா வருடம் அங்கே வந்து புதுப்பிக்கிறேன்.

கல்லறை நாளன்று சொல்லத்தான் வந்தேன். நீ என்னை ரிட்ஜுக்குக் கூட்டிப்போய், கிணறு இங்கே, முகப்பு கிழக்கே என்று காட்டினாய். சொன்னால் அந்த வேலியைப் பிடுங்குவாய். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ நிஜத்தைக் கேட்டாய். திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இல்லை, அக்கா. கேஸுக்காகச் சொல்லவில்லை. கேஸ் இல்லாவிட்டால் சொல்லியே இருக்கமாட்டேன் என்பதும் நிஜம்.

தம்பி,
எஸ்டில்

இது இலோனா. இவரைத் திட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள். சொல்லச் சொல்லி நான் நச்சரிக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. பட்டாணி நான் போட்டது. ஏப்ரல் கடிதத்தில் வாய்தவறி அதை உங்களுக்கு எழுதிவிட்டதாகப் பயந்துபோய் வந்து சொன்னார்.


கேன் ஃபோர்க்
செப்டம்பர் 12, 1976

அன்புள்ள எஸ்டிலுக்கும் இலோனாவுக்கும்,

நான் சுகம், இருவரும் சுகமாக இருங்கள்.

அப்பாடா. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உள்ளே உயிர் இருக்கிறதா என்று சொல்லுகிறவளிடம் நீ கதை விட்டிருக்கிறாய். தனியாள் சட்டைக் காலர் அப்படி மடிந்து நிற்குமா? கிறிஸ்துமஸுக்கு நீ கொண்டுவந்த கசகசா ரொட்டி, "ஃபாக்டரி சிநேகிதன் வீட்டுல செஞ்சது" என்றாய். எந்தச் சிநேகிதன் மூன்று வருடமாக உனக்கு ரொட்டி செய்கிறான்? வாடகை அறையில் எங்கே பட்டாணி போடுவாய், செருப்புக்குள்ளா? கல்லறை நாளில் ஷிஃப்ட் என்றாய். அன்றைக்கு நாடு முழுக்க விடுமுறை, ஃபாக்டரியெல்லாம் மூடியிருந்தது. கேட்டிருக்கலாம். கேட்டால், நீ வருகிற அந்த ஒன்றிரண்டு நாளும் நின்றுவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

வேலியைப் பற்றி வருத்தப்படாதே. அதற்குள் போன வருடத்திலிருந்து ஆடு மேய்கிறது. நீ வரும் அன்று மட்டும் ஆடுகளை ஓமா வீட்டுக்கு ஓட்டிவிடுவேன்.

பர்ச்செட்டிடம் சொல்லிவிட்டேன். மேஜையில் ஓங்கித் தட்டினார், மை கொட்டியது. "நல்லவேளை, கேஸ் போடறதுக்கு முன்னாடியே கல்யாணம், கேஸ் போட்ட அன்னிக்கு அவன் எந்த ஊருங்கறதுதான் கணக்கு" என்றார். அக்டோபர் விசாரணை அன்றைக்கு எனக்குப் பொரிப்பு நாள், பழைய மெஷினை விட்டு நகர முடியாது. நீ லெக்ஸிங்டனுக்கு இலோனாவையும் கூட்டிக்கொண்டு போ. ஜட்ஜ் கேட்கிறதற்கு நேராகப் பதில் சொல். பூங்காவில் பேசுகிற மாதிரி பேசாதே.

உங்கள் அக்கா,
வெர்டி


டேட்டன்
அக்டோபர் 17, 1976

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். உன் பொரிப்பு எப்படி? பர்ச்செட் உனக்குச் சேதி சொல்லியிருப்பார். நடந்ததை நான் சொல்கிறேன்.

கம்பெனி வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார். "உங்க வண்டியில எந்த மாநிலத்து நம்பர் பிளேட்?"

"கென்டக்கி."

"பூங்காவுல, முடிஞ்சா நாளைக்கே திரும்பிப் போவேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேங்க."

"செத்தா எங்க புதைக்கணும்னு முடிவு பண்ணியிருக்கீங்க?"

அக்கா, நான் பிரமாணம் எடுத்திருந்தேன். "கேன் ஃபோர்க் ரிட்ஜுல. அப்பா அம்மா பக்கத்துல" என்றேன். அவர் கேஸ் முடிந்த மாதிரி போய் உட்கார்ந்தார். பர்ச்செட் முகம் தொங்கிப்போயிற்று.

ஜட்ஜ் என்னை நோக்கிக் குனிந்தார். "மிஸ்டர் கூமர், செத்தப்புறம் எங்க போறீங்கங்கறது வேற கோர்ட்டு விஷயம். அதுல எனக்கு அதிகாரம் கெடையாது. உயிரோட இருக்கற வரைக்கும் எங்க இருக்கப்போறீங்க?"

கோர்ட்டே சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இலோனா இரண்டாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒஹையோவுலங்க. அந்த வீட்டுல."

"அப்போ நாளைக்கே போவேன்னது?"

"அது வாயில வர்றதுங்க. எங்க ஆளுங்க எல்லாரும் சொல்றதுதான்."

ஜட்ஜ் கம்பெனி வக்கீலைப் பார்த்து, "எங்க அண்ணன் ஒஹையோவுல, சின்சினாட்டில இருக்கார். வருஷா வருஷம் அடுத்த வசந்தத்துக்குக் கென்டக்கிக்கு வந்துடறாராம். போன வாரம்தான் அந்தச் சின்சினாட்டி வீட்டுக்குப் புதுக் கூரை போட்டிருக்கார்" என்றார். பிறகு வீட்டுப் பத்திரம், ஓட்டுப் பதிவு, கல்யாணம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அங்கேயே சொன்னார். எஸ்டில் கூமர் ஒஹையோக்காரர், கம்பெனியும் ஒஹையோ, முட்டை விஷயத்தில் யார் சொல்வது சரி என்று பார்க்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, வந்த இடத்துக்கே போகட்டும்.

வெளியே வந்ததும் பர்ச்செட் என் முதுகில் அறைந்தார். "இதுக்கு மேல அவங்க அப்பீலும் போக முடியாதுடா!" இலோனா கொண்டுவந்த முட்டைக்கோஸ் உருண்டையை மூன்று பேரும் கோர்ட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வழியெல்லாம் நான் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன் என்று இவள் சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

தம்பி,
எஸ்டில்


கேன் ஃபோர்க்
பிப்ரவரி 13, 1977

அன்புள்ள எஸ்டிலுக்கும் இலோனாவுக்கும்,

நான் சுகம். ஒஹையோ ஆறே உறைந்து நடந்து போகலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். இருவரும் கதகதப்பாக இருக்கிறீர்களா? ரோடு மூடியிருக்கும்போது விசாரணைக்கு வரவேண்டாம் என்று பர்ச்செட் சொன்னது சரிதான். நீ இல்லாமலே முடிந்துவிட்டது.

கேஸ் கவுண்டிக்குத் திரும்பிய நாளிலிருந்து ஓமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் போகமாட்டேன்னதும் கோர்ட்டே வந்துருச்சு பாத்தியா?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பனியில் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"அம்மா, அடுத்தவங்க போன் பேசறத ஒட்டுக்கேக்கறது தப்பில்லையா?"

"தப்புதான் தம்பி. அதுக்காகக் கேட்டது கேக்காததாயிடுமா?"

ஜூரியில் பாதிப் பேர் குனிந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் பொதுக் கம்பிதான். பிறகு கம்பெனியில் போன் எடுக்கிற ஆளைக் கூண்டில் ஏற்றினார்கள். அவன், "அப்படி ஒரு போன் எனக்கு வரவேயில்ல" என்று வாயைத் திறந்தான். கூட்டத்தின் நடுவிலிருந்து ஓமா, "ஏய் வெர்டி, இவனேதான்! மூக்கு இன்னும் அடைச்சிருக்கு!" என்று கத்தினாள். நீதிபதி சுத்தியலால் தட்டி, ஓமாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதை ஜூரி கணக்கில் எடுக்கக்கூடாது" என்றார்.

பத்துப் பேர் நம் பக்கம், இரண்டு பேர் இல்லை. அந்த இரண்டில் ஒருவர், என்னிடம் வாங்கின சேவல் கூவவில்லை என்று இன்னும் கோபமாக இருப்பவர். லெக்ஸிங்டனில் அந்த ஒரு ஊமைச் சேவல் போதும் நம்மைக் கவிழ்க்க. இங்கே பத்தே தாராளம்.

புது மெஷின் வேறொரு கம்பெனியிலிருந்து வந்து இறங்கிவிட்டது. நன்றாகத் தூங்குகிறேன்.

அக்கா,
வெர்டி


டேட்டன்
மார்ச் 13, 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஓமா கதையை ஃபாக்டரியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். டெல்மர் சிரித்துச் சிரித்து, இந்த வாரக் கடைசியிலேயே கென்டக்கிக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்கிறான்.

நீ ஒவ்வொரு வசந்தத்திலும் எனக்குக் குஞ்சு அனுப்பட்டுமா என்று கேட்பாய். ஊருக்கு வந்தே வளர்த்துக்கொள்கிறேன் என்பேன். இந்த வருடம் அனுப்பு. கொல்லையில் கூண்டு அடித்துவிட்டேன். வண்டிக்கு ஒஹையோ நம்பர் பிளேட் மாட்டியாயிற்று. பழைய தகட்டை எறிய மனம் வரவில்லை, கூண்டுக் கதவில் அடித்திருக்கிறேன். இலோனாவுக்குப் பழுப்பு முட்டை போடுகிற ஜாதி வேண்டுமாம்.

தம்பி,
எஸ்டில்


கேன் ஃபோர்க்
ஏப்ரல் 3, 1977

அன்புள்ள எஸ்டிலுக்கும் இலோனாவுக்கும்,

நான் சுகம், முழங்கால்கூடச் சுகம். கல்லறை நாளுக்கு இருவரும் வருகிறீர்கள். அன்றே ஓடக்கூடாது, ஆப்பிள் பை இரண்டு செய்கிறேன். ரிட்ஜில் அப்பா பக்கத்தில் உன் இடம் அப்படியே இருக்கிறது. அது ஜட்ஜ் சொன்னமாதிரி வேற கோர்ட்டு.

புது மெஷினின் முதல் பொரிப்பு இன்று காலை. சத்தம் ஓமா வீடு வரைக்கும் கேட்டது, இந்த முறை ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லாமல். நல்ல குஞ்சாகப் பொறுக்கி, காற்றுத் துளை போட்ட ஒரு பெட்டியை நாளைக் காலைத் தபாலில் ஏற்றுகிறேன். மேலே விலாசம் எழுதும்போது கை பழக்கத்தில் அந்த வீட்டுக்காரம்மாள் பேரை ஆரம்பித்துவிட்டேன். அடித்துவிட்டு, எஸ்டில், இலோனா கூமர் வீடு என்று பெரிதாக எழுதினேன்.

தபாலாபீஸிலிருந்து கூப்பிடுவார்கள். உடனே போ, குஞ்சு காத்திருக்காது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஒவ்வொன்றாக எடுத்து அலகை ஒருதரம் தண்ணீரில் தொட்டுவிடு. தண்ணீர் இங்கே இருக்கிறது என்று ஒருமுறை காட்டினால் போதும். அப்புறம் அதுகளுக்கு அதுதான் ஊர்.

உங்கள் அக்கா,
வெர்டி